பழச் சல்சா புதியதல்ல

டாக்கோவை விளக்க அதிகச் சொற்கள் வேண்டாம். மக்காச்சோள மாவில் தட்டிச் சுட்ட மெல்லிய ரொட்டி. மெக்ஸிகோவில் அதன் பெயர் டோர்த்தியா. அதன் நடுவில் கொஞ்சம் இறைச்சியோ மீனோ வெந்த பயறோ. மேலே காரமும் புளிப்புமாக ஒரு கரண்டி சல்சா. மடித்துக் கையால் சாப்பிட வேண்டியதுதான். சர்ச்சை எழுவது அந்தக் கடைசிக் கரண்டியில். தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு என்று இருந்தால் மரபு என்கிறார்கள். அதே கிண்ணத்தில் மாம்பழமோ அன்னாசியோ பப்பாளியோ நறுக்கிப் போட்டால், அது அமெரிக்க உணவகங்கள் செய்த கலப்படம் என்கிறார்கள். மெக்ஸிகோவின் உணவை உண்மையாக மதிப்பவர்களே இப்படிச் சொல்வதால், இந்தக் குற்றச்சாட்டை லேசாகத் தள்ளிவிட முடியாது. சான்றுகளை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சான்றுகள் எனக்குச் சொல்வது இதுதான்: மிளகாயோடு பழத்தைச் சேர்ப்பது அந்த மண்ணில் ஸ்பானியர் வருமுன்பே இருந்த வழக்கம். மரபைக் காக்க நினைப்பவர்கள் சல்சாக் கிண்ணத்தைச் சுற்றிக் காவல் நிற்கிறார்கள். காவல் தேவைப்படுவதோ ரொட்டிக்கு.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். சல்சா ஸ்பானியச் சொல். உப்பிட்டது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஆனால் அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொண்ட பொருள் ஸ்பெயினுடையதல்ல. அஸ்டெக் மக்களின் நாவாத்ல் மொழியில் அதற்கு மொல்லி என்று பெயர். பாதிரியார் அலோன்சோ டி மொலினா 1571-இல் வெளியிட்ட நாவாத்ல் அகராதியிலும் அந்தச் சொல் இடம்பெறுகிறது. அந்த மொல்லி இன்றும் உயிரோடிருக்கிறது. அவகாடோவின் பழைய பெயரோடு சேர்ந்து குவாக்கமோலே ஆயிற்று. தனித்து நின்று மோலே என்னும் கெட்டிக் குழம்பாயிற்று. சல்சா அரைக்கும் மூன்று கால் கல்லுரலின் பெயரான மொல்காஹெத்தேயிலும் ஒளிந்திருக்கிறது. தக்காளியின் உலகப் பெயரும் அதே மொழியின் கொடைதான். நாவாத்லில் தொமாத்ல் என்றால் சாறு நிறைந்த உருண்டைப் பழம். பச்சையாக, மெல்லிய உறைக்குள் காய்ப்பதே அந்தப் பெயருக்கு முதல் உரிமையாளர்; சிவந்த தக்காளியை ஷிதொமாத்ல் என்று பிரித்துச் சொன்னார்கள். நம் வேலியோரங்களில் உறைக்குள் காய்க்கும் சொடக்குத் தக்காளி அந்தப் பச்சைப் பழத்தின் இனத்தைச் சேர்ந்தது. தமிழிலும் தக்காளி என்ற பெயர் முதலில் அந்தச் சிறு செடிக்கே இருந்தது. கடல் கடந்து வந்த சிவப்புப் பழம் சீமைத்தக்காளி என்ற பெயரில் நுழைந்து, பிறகு அடைமொழியை உதறிவிட்டுப் பெயரையே தனதாக்கிக்கொண்டது.

ஆக, மரபான சல்சா என்று நாம் சொல்வதே தக்காளி என்ற பழத்தின் சல்சாதான். தக்காளியைக் காய் என்று கொள்வது செடியின் இயல்பால் வந்ததல்ல. சாப்பாட்டு வழக்கால் வந்தது. இதற்கு ஒரு நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. 1883-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதியாகும் காய்கறிகளுக்கு வரி விதித்தது. பழங்களுக்கு விலக்கு அளித்தது. தக்காளி பழம்தான் என்று வாதாடிய வணிகர்களின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1893-இல் வந்த தீர்ப்பு, தாவர இயல்படி தக்காளி பழமே என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் மக்கள் அதை உணவின் முக்கியப் பகுதியோடு உண்கிறார்கள், இறுதியில் இனிப்பாக உண்பதில்லை. ஆகவே சட்டத்துக்கு அது காய்கறி என்றது. பழத்தை உணவின் கடைசியில், இனிப்பின் இடத்தில் வைக்கும் அந்த வழக்கம் ஐரோப்பியச் சாப்பாட்டு மேசையின் வழக்கம். சல்சாவில் பழம் கூடாது என்பவர்கள் மெக்ஸிகோவின் விதியைச் சொல்வதாக எண்ணிக்கொண்டு, அறியாமலேயே அந்த மேசையின் விதியைச் சொல்கிறார்கள்.

அஸ்டெக் சமையலில் அந்த விதி இருக்கவில்லை என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. 1529-இல் மெக்ஸிகோவுக்கு வந்த பெர்னார்தினோ டி சஹாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, நாவாத்ல் பேசும் முதியவர்களிடமும் படித்த இளைஞர்களிடமும் கேட்டுக் கேட்டு, அவர்களுடைய வாழ்க்கை முழுவதையும் பன்னிரண்டு நூல்களாகத் தொகுத்தார். புளோரன்ஸ் நகர நூலகத்தில் இருப்பதால் புளோரன்ஸ் சுவடி எனப்படும் அந்தத் தொகுப்பின் எட்டாம் நூலில், பிரபுக்கள் உண்ட பண்டங்களின் நீண்ட பட்டியல் ஒன்று வருகிறது. பழுக்காத சிறு பழங்களோடு வெள்ளை மீன், மஞ்சள் மிளகாய், தக்காளி சேர்த்துச் சமைத்த ஒரு பண்டம் அதில் உண்டு. மொல்லி என்ற சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. ஸ்பானியர் அந்தப் பழத்தைத் தங்கள் ஊர்ப் பிளம்ஸ் பெயரால் அழைத்தாலும், அது உண்மையில் மெக்ஸிகோ மண்ணின் மரம். இலங்கைத் தமிழர் அம்பிரலங்காய் என்று அறிந்த மரத்தின் நெருங்கிய உறவு. தாவரவியலார் அம்பிரலங்காயையும் மாவையும் ஒரே குடும்பத்தில் வைக்கிறார்கள். இன்றைக்கு மீன் டாக்கோவின் மேல் விழும் மாங்காய்ச் சல்சாவுக்கு இதைவிடத் தெளிவான மூதாதை வேண்டுமா? மீன், மிளகாய், தக்காளி, புளிப்பான பழம் என்று எல்லாமே அங்கே இருந்தன; மாறியது பழத்தின் பெயர் ஒன்றுதான்.

அது சமைத்த குழம்பு, பச்சையாக நறுக்கிய சல்சா அல்லவே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மெக்ஸிகோவில் மொல்லி என்ற சொல் வெந்ததையும் வேகாததையும் சேர்த்தே குறித்தது. பச்சை அவகாடோவை மசித்தாலும் மொல்லிதான், மிளகாயையும் விதைகளையும் அரைத்துக் கொதிக்க வைத்தாலும் மொல்லிதான். பழத்தின் புளிப்பைச் சல்சாவுக்குள் கொண்டுவரும் வழக்கமும் அறுந்துவிடவில்லை. மத்திய மெக்ஸிகோவில் ஹொகொனோஸ்த்லே என்று ஒரு சப்பாத்திக்கள்ளிப் பழம் உண்டு. புளிப்பான கள்ளிப்பழம் என்பதே அதன் நாவாத்ல் பெயரின் பொருள். அதைச் சுட்டு, மிளகாயோடு கல்லுரலில் அரைத்துச் சல்சா செய்கிறார்கள். ஹலிஸ்கோ மாநிலத்தில் பிகோ டி காயோ என்று கேட்டால், உலகம் அந்தப் பெயரால் அறிந்த தக்காளிச் சல்சா வராது. ஆரஞ்சு, ஹிகாமா கிழங்கு, வெள்ளரி ஆகியவற்றை நறுக்கி மிளகாய்த்தூளும் உப்பும் எலுமிச்சையும் சேர்த்த பழக் கலவைதான் வரும். யுகத்தானில் மாயா மக்கள் ஷெக் என்று அழைக்கும் பண்டமும் இதற்கு உடன்பிறப்பு. சோறோ ரொட்டியோ இல்லாமல் மாங்காய்ப் பத்தையில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி உண்ணும் தமிழர்களுக்கு இந்தச் சுவையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இறைச்சியோடு பழம் சேர்வதும் அங்கே அந்நியமல்ல. அன்னாசியும் வாழையும் சேரும் மோலே ஒன்றுக்கு மஞ்சமந்தேலேஸ், அதாவது மேசைவிரிப்பைக் கறையாக்குவது என்று பெயர். புவேப்லா நகரின் பெருமையான சிலேஸ் என் நொகாதாவில், பெரிய மிளகாய்க்குள் இறைச்சியோடு பீச், பேரி, ஆப்பிள் ஆகியவற்றைச் சேர்த்துத் திணித்து, வால்நட் குழம்பை ஊற்றி, மாதுளை முத்துக்களைத் தூவுகிறார்கள். பச்சை, வெள்ளை, சிவப்பு என்ற அந்த மூன்று நிறங்களில் நாட்டின் கொடியையே மக்கள் காண்கிறார்கள். பழத்தையும் மிளகாயையும் இறைச்சியையும் ஒன்றாக வைத்த ஒரு தட்டில் தன் கொடியைக் காணும் நாட்டின் பெயரால், பழம் கலப்படம் என்று தீர்ப்புச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

இனி எதிர்ப்பக்கத்தின் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை ஆகிய மூன்றும் 1521-இல் அஸ்டெக் தலைநகர் வீழ்ந்த பிறகு ஸ்பானியக் கப்பல்கள் வழியே வேரூன்றியவை. டாக்கோவின் நடுவில் வைக்கும் பன்றியும் மாடும் கோழியும் அப்படியே. மேலே தூவும் பாலாடைக்கட்டியும் அப்படியே. மண்ணுக்குச் சொந்தமானவை மக்காச்சோளம், தக்காளி, மிளகாய், அவகாடோ. எலுமிச்சையை மரபு என்று ஏற்றுக்கொண்டவர் மாம்பழத்தை மறுக்க வேறு காரணம் தேட வேண்டும். இரண்டுமே ஆசியாவில் பிறந்து கப்பலேறியவை. 1565 முதல் 1815 வரை, இரண்டரை நூற்றாண்டுகள், மணிலாவுக்கும் மெக்ஸிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மெக்ஸிகோ வெள்ளி மேற்கே போயிற்று. சீனப் பட்டும் ஆசிய நறுமணப் பொருட்களும் கிழக்கே வந்தன. அந்த வழியில் வந்த பிலிப்பைன்ஸ் மாலுமிகள் தென்னையில் கள் இறக்கும் தொழிலைக் கொலிமா கடற்கரையில் விட்டுச்சென்றார்கள். பிலிப்பைன்ஸ் பெயரான தூபா என்றே அது இன்றும் அங்கே விற்கப்படுகிறது. மாவும் அந்த வழியில்தான் வந்தது. மெக்ஸிகோவில் மணிலா என்ற பெயரிலேயே ஒரு மா வகை நிலைத்துவிட்டது. சியாபாஸ் மாநிலத்தின் சொகொனுஸ்கோ பகுதியில் விளையும் அதாவுல்ஃபோ மாம்பழத்துக்கு மெக்ஸிகோ அரசு 2003-இல் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு அளித்தது. வந்தேறிப் பழம், சட்டப்படியே ஊர்ப் பழமாகிவிட்டது.

அந்தப் பழத்தின் பெயரில் நம் மொழியின் ஒலி இருக்கிறது. மாங்காய், மாங்ஙா என்ற தமிழ், மலையாளச் சொற்களைப் போர்த்துகீசியர் கேரளக் கரையில் கேட்டு மங்கா என்றார்கள். அதுவே உலகெங்கும் பரவி மெக்ஸிகோவில் மங்கோ ஆயிற்று. பதிலுக்கு அமெரிக்கக் கண்டத்தின் மிளகாய் இங்கே வந்தது. மிளகைப் போலக் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்து, நம்முடையதென்றே எண்ணும் அளவுக்கு அதைச் சொந்தமாக்கிக்கொண்டோம். மாம்பழச் சல்சாவை நறுக்கும் பலகையில் இந்த இரண்டு பயணங்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து சந்திக்கின்றன. இதைக் கலப்படம் என்றால், மிளகாய் போட்ட ஒவ்வொரு தமிழ்க் குழம்பையும் கலப்படம் என்றே சொல்ல வேண்டிவரும்.

டாக்கோ என்ற பெயருங்கூட மிகப் பழையதல்ல. ரொட்டியை மடித்து உண்பது தொன்மையான வழக்கம்தான். ஆனால் அதற்கு டாக்கோ என்ற பெயர் அச்சில் நிலைபெறுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். வெள்ளிச் சுரங்கங்களில் பாறையைப் பிளக்க, வெடிமருந்தைத் தாளில் சுருட்டித் துளைக்குள் செருகுவார்கள். அதற்கும் டாக்கோ என்று பெயர். சுரங்கத் தொழிலாளர் உணவுக்கே அந்தப் பெயர் முதலில் வந்திருக்கலாம் என்று, டாக்கோவின் வரலாற்றை விரிவாக எழுதிய ஜெஃப்ரி பில்ச்சர் கருதுகிறார். அடுத்த பெரிய மாற்றம் லெபனான் பக்கமிருந்து வந்தது. ஒட்டோமான் ஆட்சியின் இறுதிக் காலத்தில் அங்கிருந்து குடியேறியவர்கள், செங்குத்தான கம்பியில் இறைச்சியை அடுக்கிச் சுழற்றி வாட்டும் முறையைப் புவேப்லாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1930-களில் அது அரபு டாக்கோ என்ற பெயரில் விற்றது. ஆட்டிறைச்சியின் இடத்தைப் பன்றி இறைச்சி பிடித்தது. மேலே மிளகாய் விழுதும் செந்நிற அச்சியோட்டே விதையும் பூசினார்கள். கோதுமை ரொட்டி போய் மக்காச்சோள ரொட்டி வந்தது. மேய்ப்பன் பாணி என்று பொருள்படும் டாக்கோ அல் பஸ்தோர் இப்படிப் பிறந்தது. சுழலும் இறைச்சியின் உச்சியில் கடைக்காரர் செருகுவது ஓர் அன்னாசி. மெக்ஸிகோ நகரத் தெருக்களில் இன்று மிகவும் விரும்பப்படும் டாக்கோக்களில் ஒன்று, பழம் இல்லாமல் முழுமை பெறுவதில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டாலும், இப்போது உலகெங்கும் வீடுகளில் செய்யப்படும் மாம்பழச் சல்சா இந்த மரபிலிருந்து நேராக வரவில்லை என்று வாதிடலாம். அதில் உண்மை இருக்கிறது. அமெரிக்கத் தென்மேற்குப் பாணி என்ற பெயரில் 1980-களில் எழுந்த உணவக இயக்கம்தான் அதைப் பரப்பியது. 1987-இல் சாண்டா ஃபே நகரில் கயோட்டி கஃபேயைத் திறந்த மார்க் மில்லர் அதன் முக்கிய முகங்களில் ஒருவர். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைத் தொகையில் சல்சா கெட்சப்பை முந்தியது. அந்தப் பெருக்கத்தின் லாபம் பெரும்பாலும் மெக்ஸிகோ மக்களுக்குப் போகவில்லை என்ற மனக்குறையும் நியாயமானது. 1962-இல் டாக்கோ பெல் நிறுவனத்தைத் தொடங்கிய கிளென் பெல், அதற்கு முன் சான் பெர்னார்டினோவில் மெக்ஸிகோ வம்சாவளிக் குடும்பம் நடத்திய மித்லா கஃபே என்ற உணவகத்துக்கு எதிரே கடை போட்டிருந்தவர்; அங்கே கண்ட டாக்கோவே அவருடைய வணிகத்தின் வித்து. ஆனால் இந்தக் குறை நமக்குக் கற்பிக்க வேண்டியது, மூலத்தைச் சொல்லி மதிப்பளிக்க வேண்டும் என்பதை. பழத்தை எடுத்துவிட்டால் அந்தக் குறை தீராது. பழச் சல்சா அமெரிக்கரின் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொடுத்தால், அஸ்டெக் சமையலுக்கும் ஹலிஸ்கோவுக்கும் யுகத்தானுக்கும் உரிய பெருமையையும் சேர்த்தே ஒப்புக்கொடுத்தவர்கள் ஆவோம்.

இனிப்பு டாக்கோவைக் கெடுத்துவிடும் என்ற எதிர்ப்பு செய்முறையைச் சார்ந்தது; அதற்கும் பதில் அந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது. எட்டாம் நூலின் பட்டியலில் இருந்தது பழுக்காத பழம். கள்ளிப்பழம் புளிப்பானது. தெருவண்டியில் பழத்தின் மேல் உப்பும் மிளகாயும் எலுமிச்சையும் விழாமல் இருப்பதில்லை. இறைச்சியின் கொழுப்பையும் மீனின் மணத்தையும் புளிப்பாலும் காரத்தாலும் வெட்டுவதற்குத்தான் அங்கே பழம் வருகிறது. இனிப்பு அதற்குத் துணை மட்டுமே. ஆகவே வீட்டில் செய்பவர் செங்காயான மாங்காயையோ புளிப்புள்ள அன்னாசியையோ எடுத்து, தாராளமாக எலுமிச்சையும் பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து, பரிமாறும் நேரத்துக்குச் சற்று முன்பு கலந்தால் போதும். உப்பு பட்ட பழம் நீர் விட்டுவிடும் என்பதால் காத்திருக்க வைக்கக் கூடாது. சர்க்கரைப் பாகு சேர்த்துப் புட்டியில் அடைத்ததை ஏற்க முடியாதுதான். அது அந்தப் புட்டியின் குறை.

அப்படியானால் எதுவும் சேரலாம், எதையும் டாக்கோ என்று சொல்லிவிடலாமா என்ற கேள்வி கடைசியாக நிற்கிறது. கூடாது என்பதே என் பதில். எல்லை இருக்கும் இடம் ரொட்டி. சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் தென்மேற்கு மெக்ஸிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மக்காச்சோளத்தை உருவாக்கிய மக்களின் வழிவந்தவர்கள், பின்னாளில் அதைச் சுண்ணாம்பு கலந்த நீரிலோ சாம்பல் நீரிலோ வேகவைத்து ஊறவிட்டு, தோலைக் கழுவி எடுத்து அரைக்கும் நிக்ஸ்தமால் முறையையும் கண்டார்கள். நாவாத்லில் நெக்ஸ்த்லி என்றால் சாம்பல். சுண்ணாம்பு பட்டால்தான் மாவு ஒட்டிக்கொண்டு ரொட்டியாகத் தட்ட வரும். அதைவிட முக்கியம், தானியத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற உயிர்ச்சத்து அப்போதுதான் உடம்பில் சேரும். ஐரோப்பியர் மக்காச்சோளத்தை எடுத்துச் சென்றார்கள். சுண்ணாம்பை விட்டுச் சென்றார்கள். விளைவு, மக்காச்சோளக் கூழையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, மனம் பேதலிக்கும் பெலாக்ரா நோய் வந்தது. 1735-இல் ஸ்பெயினின் கஸ்பார் கசால் அதை விவரித்தார்; வட இத்தாலியிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் அது ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் காரணம் குறையுள்ள உணவே என்று 1914 முதல் ஜோசப் கோல்ட்பெர்கர் நிறுவ வேண்டியிருந்தது. நயாசின்தான் மருந்து என்பது 1937-இல் உறுதியாயிற்று. அந்த நோய் மெக்ஸிகோ கிராமங்களைப் பெரும்பாலும் தீண்டாமல் விட்டதற்குக் காரணம், அம்மி போன்ற மெத்தாத்தே கல்லின் முன் மண்டியிட்டு அரைத்த பெண்களின் அறிவு.

அந்த அறிவைத்தான் மேட்டுக்குடியினர் இகழ்ந்தார்கள். 1899-இல் பிரான்சிஸ்கோ புல்னேஸ் என்ற மெக்ஸிகோ அரசியலாளர், கோதுமை உண்ணும் இனங்களே முன்னேறும், மக்காச்சோளம் உண்பவர்கள் பின்தங்குவார்கள் என்று நூலே எழுதினார். பின்னர் இகழ்ச்சி போய் அவசரம் வந்தது. 1949-இல் நுவோ லியோன் மாநிலத்தில் தொடங்கிய மசேக்கா மாவு நிறுவனம் காய்ந்த டோர்த்தியா மாவைப் பையில் அடைத்து விற்றது; 1950-இல் நியூயார்க் உணவகக்காரர் ஹுவென்சியோ மால்டொனாடோ டோர்த்தியாவை மடித்துப் பொரிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மாவு ஆலையும் பை மாவும் பெண்களை நாளுக்குப் பல மணி நேர உழைப்பிலிருந்து விடுவித்தன. அந்த விடுதலையை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் ஆலைக்கு வேண்டியது ஒரே மாதிரியான மக்காச்சோளம். மெக்ஸிகோவின் 59 நாட்டு மக்காச்சோள இனங்களுக்கு வேண்டியது, அவற்றைத் தேடிக் கேட்டு வாங்கும் வாய்கள். 2010-இல் யுனெஸ்கோ மெக்ஸிகோவின் மரபுச் சமையலை மனிதகுல மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, நிக்ஸ்தமால் முறையையும் மெத்தாத்தே, கல்லுரல் போன்ற கருவிகளையும் அதில் குறிப்பிட்டது.

எனவே வீட்டில் டாக்கோ செய்ய விரும்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பழத்தைத் தயங்காமல் நறுக்குங்கள். மாங்காயானாலும் அன்னாசியானாலும் பப்பாளியானாலும் அந்த மண்ணின் பழைய வழக்கத்துக்கு நீங்கள் துரோகம் செய்யவில்லை. ஆனால் மாவு வாங்கும்போது பையின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். வெறும் மக்காச்சோள மாவை விட்டுவிட்டு, சுண்ணாம்பு நீரில் பக்குவப்படுத்திய மாவைத் தேடி எடுங்கள். ரொட்டியைக் கல்லில் சுட்டு, சூடு ஆறுமுன் மடித்துக் கையில் எடுங்கள். அது சரியாக அமைந்துவிட்டால், மேலே வைக்கும் பழத்துக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.